சிறு நிலமும் சிறிய உழவு இயந்திரமும்

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் பருமையின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஒரு பரிவலு பத்தாகி, பத்து நூறாகி, நூறு ஆயிரமாகிய செய்தியே வளர்ச்சியெனப் போற்றப்படுகின்றது. உழவு இயந்திரத்தின் வரலாறோ ஒரு வகையில் இதற்கு மாறானது. அது பிறக்கும்பொழுதே யானையாகப் பிறந்தது. சிறு நிலக்காரன் ஒருவனின் வேலிக்குள் நுழையத்தக்க அளவுக்கு அது மெலிவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

பத்துப் பதினைந்து ஏக்கர் நிலமுடைய ஒருவன், அதனை உழவும், புல் வெட்டவும், எருவும் விறகும் ஏற்றி இழுக்கவும் எத்தகைய இயந்திரத்தைத் தேர்தல் வேண்டும் என்னும் வினா, வணிகரின் விலைப்பட்டியலைக் கொண்டே விடை காணத்தக்க எளிய வினாப்போலத் தோன்றும். ஆயின் அவ்வியந்திரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சில உறுப்புக்களின் பின்னால் மனித உயிர்களும் உண்டு. அவ்வரலாற்றை அறியாது தெரிபவன் விலையை மட்டுமே தெரிகின்றான்; இயந்திரத்தைத் தெரிகின்றானல்லன்.

பாரமே வலுவெனக் கருதப்பட்ட காலம்

வயலுக்கு முதலில் வந்த பொறி நீராவிப் பொறியாகும். அதன் பாரம் நிலத்தை மிதித்து இறுகச் செய்யும் என்பதை அக்கால அறிஞர் அறிந்திருந்தனர். ஆதலின் இங்கிலாந்திலே யோன் பௌலர் என்பவர் பொறியை வயலின் ஓரத்திலே நிறுத்திக் கம்பிவடத்தினாற் கலப்பையை இழுக்கும் முறையை வகுத்தார். 1858ஆம் ஆண்டிலே அரச விவசாயச் சங்கம் அம்முறைக்கு 500 பவுண் பரிசளித்தது. அம்முறை சிறந்ததேயாயினும் பெருநிலக்கிழாருக்கும் கூலிக்கு உழுவிக்கும் கம்பனிகளுக்குமே உரியதாயிற்று.

எண்ணெயால் இயங்கும் எஞ்சின் தோன்றியபின்னரும் இந்நிலை உடனே மாறவில்லை. 1892ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே யோன் புரோலிக் என்பவர், முன்னும் பின்னும் செல்லவல்ல பெற்றோல் இழுவைப் பொறியொன்றை ஆக்கினார். அதே மாநிலத்தின் சாள்ஸ் நகரத்திலே ஹார்ட், பார் என்னும் இருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இத்தகைய பொறிகளை ஆக்குவதையே தொழிலாகக் கொண்டனர். அவர்தம் பெயர்பெற்ற பொறியொன்றின் நிறை ஏறத்தாழ 20,000 இறாத்தல். எல்லை காணாத புல்வெளிகளை முதன்முறையாகப் பிளப்பதற்கு அப்பாரம் பயன்பட்டது. வேலியிட்ட சிறு வயலிலோ அது திரும்பவும் இடம் பெறாது.

இக்கருத்துக்கு மாறாக நின்றவர் இங்கிலாந்தின் பெட்போட்சயர்ப் பகுதியிலே துவிச்சக்கரவண்டி செய்துவந்த டான் அல்போன் என்பவராவர். 1902ஆம் ஆண்டிலே அவர் ஆக்கிய ‘ஐவெல்’ என்னும் பொறி மூன்று சில்லுகளையுடையது. அது கலப்பையை இழுத்தது. புல்வெட்டும் பொறியை இழுத்தது. ஓரிடத்தில் நின்று பட்டியின் மூலம் வேறு பொறிகளையும் இயக்கியது. சிறு பொறியொன்று பண்ணையிலே பல வேலை செய்தல் வேண்டும் என்னும் எண்ணத்தின் தொடக்கங்களுள் ஒன்றை இங்கே காணலாம். அல்போன் 1906ஆம் ஆண்டிலே காலமானார். அவரது கம்பனியும் நெடுநாள் நிலைக்கவில்லை.

போர்ட்சன்: மலிவும் அதன் விலையும்

முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவிலே உணவுப் பஞ்சம் அஞ்சப்பட்டது. கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன, குதிரைகளும் உழவரும் போர்முனைக்குச் சென்றனர். அந்நெருக்கடியிலேதான் ஹென்றி போர்ட் ஆக்கிய ‘போர்ட்சன்’ உழவு இயந்திரம் 1917ஆம் ஆண்டிலே உற்பத்தியாகத் தொடங்கிற்று. முதலில் உற்பத்தியானவற்றுட் பெரும்பகுதி பிரித்தானிய அரசாங்கத்துக்கே அனுப்பப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 2,700 இறாத்தல். வலு ஏறத்தாழ 20 பரிவலு. தனிச் சட்டகம் இன்றி, எஞ்சினும் பற்சில்லுப் பெட்டியும் பின்னச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு உடலாக நின்றமை அதன் புதுமை. 1922ஆம் ஆண்டிலே அதன் விலை 395 டொலராகக் குறைக்கப்பட்டது. 1928ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே 7 இலட்சத்துக்கு மேற்பட்ட போர்ட்சன்கள் ஆக்கப்பட்டிருந்தன.

சிறு உழவன் வாங்கத்தக்க இயந்திரம் இவ்வாறு தோன்றியது. ஆயினும் அம்மலிவுக்கு வேறொரு விலையும் இருந்தது. கலப்பை மண்ணுள் மறைந்த வேரிலோ பாறையிலோ சிக்கியவிடத்துப் பின்சில்லுகள் சுழலமாட்டாது நிற்கும், எஞ்சினோ நில்லாது. அச்சைச் சுழற்றமாட்டாத அவ்விசை இயந்திரத்தின் உடலையே அச்சைச் சுற்றி மேலே தூக்கும். இலேசான முன்பகுதி எழும்பி, ஓரிரு விநாடிகளுக்குள் இயந்திரம் பின்புறமாகப் புரண்டு, இருக்கையிலிருந்தவனை நசுக்கிவிடும். கிளச்சை மிதிக்கவேண்டும் என்று நினைப்பதற்கும் அவனுக்கு அவகாசமில்லை. இவ்வாறு மாண்டோர் பலர். இலேசான இயந்திரம் ஆபத்தானது, பாரமான இயந்திரமோ சிறு நிலத்துக்கு ஆகாதது என்னும் இருதலை முடிச்சு இவ்வாறு உருவாயிற்று.

பேர்குசன் அவிழ்த்த முடிச்சு

இம்முடிச்சை அவிழ்த்தவர் வட அயர்லாந்தின் உழவர் குடியொன்றிலே 1884ஆம் ஆண்டிலே பிறந்த ஹரி பேர்குசன் ஆவர். இவர் 1909ஆம் ஆண்டின் இறுதி நாளிலே தாமே ஆக்கிய விமானத்திற் பறந்து, அயர்லாந்திலே முதன்முதற் பறந்தவர் என்னும் பெயர் பெற்றவர். போர்க்காலத்திலே உழவு இயந்திரங்களின் வேலையை மேம்படுத்துமாறு அயர்லாந்து விவசாயச் சபை அவரைப் பணித்தது. பண்ணை பண்ணையாகச் சென்று நோக்கிய பேர்குசன், பிழை இயந்திரத்தில் மட்டுமன்று, கலப்பையை அதனோடு பிணைக்கும் முறையிலேயே உள்ளது என்று கண்டார். குதிரைக்குப் பின்னாற் சங்கிலியாற் கட்டிய கலப்பையை அப்படியே இயந்திரத்துக்குப் பின்னாற் கட்டியமையே தவறு. கலப்பையும் இயந்திரமும் ஓருடலாதல் வேண்டும் என்பது அவர் துணிபு.

அவர் கண்ட மும்முனை இணைப்பிலே, கீழே இரு புயங்களும் மேலே ஒரு புயமும் கலப்பையைத் தாங்குகின்றன. மண்ணின் எதிர்ப்பு கலப்பையைப் பின்னே இழுக்கும்பொழுது, மேற்புயம் முன்னோக்கி அழுத்தி இயந்திரத்தின் முன்பகுதி எழாதவாறு தடுக்கின்றது. கலப்பையின் நிறையும், அது மண்ணுள் அமிழ முயலும் விசையும் பின்சில்லுகளின்மேல் ஏறி, அவை வழுக்காதவாறு செய்கின்றன. இத்துடன், 1926ஆம் ஆண்டிலே அவர் பெற்ற உரிமப் பத்திரத்தின்படி, எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் அமைப்பொன்று மண்ணின் எதிர்ப்பை உணர்ந்து கலப்பையைத் தானே உயர்த்தியும் தாழ்த்தியும் ஆழத்தைச் சீராக்குகின்றது. கலப்பை பாறையில் மோதினால், பின்சில்லுகளின்மேலிருந்த சுமை நீங்கி அவை வெறுமனே சுழலும், இயந்திரம் புரள்வதில்லை. இரும்புப் பாரத்துக்குப் பதிலாக மண்ணின் எதிர்ப்பையே பாரமாகப் பயன்படுத்தியமைதான் பேர்குசனின் நுட்பம்.

1936ஆம் ஆண்டிலே டேவிட் பிறவுன் கம்பனியுடன் சேர்ந்து இவர் ஆக்கிய இயந்திரம் ஆயிரத்துச் சில நூறளவிலேயே உற்பத்தியாயிற்று. 1938ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே பேர்குசன் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று ஹென்றி போர்ட்டின் முன்னிலையில் உழுதுகாட்டினார். அதனைக் கண்ட போர்ட், எழுத்தில் எதுவும் இன்றிக் கைகுலுக்கி உடன்பாடு செய்தார். 1939ஆம் ஆண்டிலே 585 டொலர் விலையில் வெளிவந்த ‘9என்’ என்னும் இயந்திரம் அக்கைகுலுக்கலின் பயனாகும். போரின் பின்னர்ப் போர்ட்டின் பேரன் அவ்வுடன்பாட்டை முடித்துக்கொண்டபோது எழுந்த வழக்கு, 1952ஆம் ஆண்டிலே பேர்குசனுக்கு 92½ இலட்சம் டொலர் கொடுத்து முடிக்கப்பட்டது. வாய்மொழியின் வலிமையும் வலுவின்மையும் இவ்வொரு வழக்கில் ஒருங்கே புலனாகின்றன.

இதற்கிடையில் இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே 1946 முதல் 1956 வரை பேர்குசனின் ‘ரீஈ20’ இயந்திரம் 5 இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்டது. சாம்பல் நிறம் பூண்ட இச்சிறு இயந்திரங்கள் மூன்றனைச் சங்கிலித் தடம் பூட்டி ஓட்டிச்சென்றே, எட்மண்ட் ஹிலரி குழுவினர் 1958ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தனர். இன்று உலகெங்கும் விற்கப்படும் சிறிய உழவு இயந்திரங்களின் பின்புறத்தே காணப்படும் மூன்று புயங்களும் பேர்குசன் விட்டுச்சென்ற முதுசமேயாம்.

புல் வெட்டும் வேலையும் வலுவெடுப்புத் தண்டும்

சிறு பண்ணையிலே உழவு ஆண்டிற் சில நாள். புல் வெட்டும் வேலையோ பருவம் முழுவதும். ஆதலின் சிறிய இயந்திரத்தின் தகுதியை உழவினும் புல்வெட்டே நன்கு காட்டும்.

குதிரை இழுத்த புல்வெட்டும் பொறி, தன் சில்லு நிலத்தில் உருளும் வேகத்தாலேயே அலகுகளை இயக்கிற்று. நனைந்த புல்லிலே சில்லு வழுக்கினால் அலகும் நின்றுவிடும். 1918ஆம் ஆண்டிலே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பனி, எஞ்சினின் வலுவைப் பின்புறத் தண்டொன்றின் வழியாக வெளியே எடுத்துப் பிற பொறிக்கு வழங்கும் அமைப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. இதுவே வலுவெடுப்புத் தண்டு. காலப்போக்கில் அதன் வேகம் நிமிடத்துக்கு 540 சுழற்சி என எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவாக வரையறுக்கப்பட்டது. ஒரு கம்பனியின் இயந்திரத்திலே மற்றொரு கம்பனியின் புல்வெட்டியைப் பூட்டக்கூடியதாயிருப்பது இப்பொதுவிதியின் பயனே.

ஆயினும் தொடக்ககாலத் தண்டுகளிலே ஒரு குறை இருந்தது. கிளச்சை மிதித்தால் சில்லும் தண்டும் ஒருங்கே எஞ்சினிலிருந்து விடுபடும். ஆனால் அவ்விரண்டும் தம்முள் இணைந்தே நிற்கும். கத்தியை முன்னும் பின்னும் அசைத்து வெட்டும் பழைய புல்வெட்டிக்கு இது பெருந்தீங்கு செய்யவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பாரமான அலகைப் பம்பரம்போலச் சுழற்றிப் புதரையும் வெட்டும் பொறி பரவியபோது தீங்கு வெளிப்பட்டது. கிளச்சை மிதித்த பின்னரும் சுழலும் அலகின் உந்துவிசை தண்டின் வழியே பற்சில்லுகளை அடைந்து இயந்திரத்தை முன்னே தள்ளும்; வேலியோ குழியோ எதிரே நின்றாலும் அது நில்லாது. பழைய ‘9என்’ போன்ற இயந்திரங்களை வாங்குவோர் ஒருபுறம் மட்டுமே சுழலவிடும் இணைப்பியொன்றைத் தண்டிற் பூட்டுவது இவ்வாபத்தைத் தவிர்ப்பதற்கேயாம். 1946ஆம் ஆண்டிலே கனடாவின் கொக்சட் கம்பனி, சில்லுகளைச் சாராது தனித்து இயங்கும் தண்டினைத் தன் இயந்திரத்திற் பொருத்தி இக்குறையைத் தீர்க்கும் வழியைக் காட்டிற்று.

புல்வெட்டுக்கு உதவிய மற்றொரு புதுமை எண்ணெய் ஓட்டத்தாற் சில்லுகளை இயக்கும் முறையாகும். 1960களிலே இது சிறிய இயந்திரங்களுக்கு வந்தது. பற்சில்லு மாற்றும் இயந்திரத்திலே, அடர்ந்த புல்லைக் கண்டு எஞ்சினின் வேகத்தைக் குறைத்தால் அலகின் வேகமும் குறைந்து வெட்டுக் கெடும். எண்ணெய் ஓட்ட முறையிலோ அலகின் வேகம் மாறாதிருக்க, செல்லும் வேகத்தை மட்டும் மிதிபலகையொன்றாற் கூட்டவும் குறைக்கவும் இயலும். மரங்களைச் சுற்றி அடிக்கொரு தரம் நின்று திரும்பி வெட்டுவோர்க்கு இது பெருநன்மை. நீண்ட சாலில் ஓயாது உழுவோர்க்கோ வலுவிற் சிறிது வீணாகும் என்பதால் பற்சில்லு முறையே ஏற்றது.

சிறு பண்ணையிலிருந்து வீட்டு முற்றத்துக்கு

பேர்குசனின் இயந்திரமும் சிலருக்குப் பெரிதாயிருந்தது. ஒரு சோடிக் குதிரையாலோ கோவேறு கழுதையாலோ உழுதுவந்த அமெரிக்கச் சிறு உழவரை நோக்கி, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1947ஆம் ஆண்டிலே ‘பார்மால் கப்’ என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. ஏறத்தாழ 10 பரிவலுவுடைய இதிலே, எஞ்சின் ஒரு பக்கமாகவும் இருக்கை மறுபக்கமாகவும் ஒதுக்கப்பட்டிருந்தன. செலுத்துவோன் தன் கண் முன்னே பயிர் வரிசையைக் கண்டு களை எடுக்கலாம். அடிவயிற்றிலே புல்வெட்டியைப் பூட்டியபொழுது அதே அமைப்பு புற்றரைக்கும் பொருந்திற்று. 1979 வரை 2 இலட்சத்துக்கு மேல் ஆக்கப்பட்ட இவ்வியந்திரம், உழவு குன்றிய பின்னர் தெருவோரங்களிலும் தோட்டங்களிலும் புல் வெட்டி வாழ்ந்தது. 1948ஆம் ஆண்டிலே அலிஸ் சாமர்ஸ் கம்பனி ஆக்கிய ‘ஜீ’ என்னும் சிறு இயந்திரமோ எஞ்சினைப் பின்னே வைத்து முன்புறத்தை முழுவதும் வெளியாக விட்டது. மரக்கறி பயிரிடுவோர் இன்றும் அதனைத் தேடி வாங்குகின்றனர்.

போருக்குப் பின் நகரத்தார் நகர்ப்புறத்தை விட்டு ஓரிரண்டு ஏக்கர் நிலத்திலே குடியேறியபோது, உழவனல்லாதவனுக்கும் இயந்திரம் வேண்டியதாயிற்று. 1961இல் ‘கப் கடெற்’ என்பதும், 1963இல் யோன் டியர் கம்பனியின் ‘110’ என்பதும் வெளிவந்தன. இரண்டும் ஏறத்தாழ 7 பரிவலுவுடையன. பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகப் பண்ணை செய்வோர் என்னும் புதிய வகுப்பினர் தோன்றியமைக்கு இவை சான்றாகும்.

யப்பானும் கீழைத்தேயமும்

சிறுமையைக் குறையாகக் கருதாது இலக்கணமாகவே கொண்ட நாடு யப்பானாகும். அங்கே அக்காலத்திலே சராசரிக் குடும்பத்தின் நிலம் ஏறத்தாழ ஒரு ஹெக்டேயராகவே இருந்தது. 1933ஆம் ஆண்டிலே யமஓகா மகோகிச்சி நிறுவிய யன்மார் கம்பனி சிறிய டீசல் எஞ்சினை ஆக்குவதில் வெற்றி கண்டது. ஒசாக்கா நகரிலே 1890இல் வார்ப்புப் பட்டறையாகத் தொடங்கிய குபோட்டா, போரின் பின்னர் நடந்து செலுத்தும் இருசில்லு இயந்திரத்தையும், 1960இல் இருந்து செலுத்தும் இயந்திரத்தையும் வெளியிட்டது. 1969ஆம் ஆண்டிலே 21 பரிவலுவுடைய ‘எல்200’ அமெரிக்காவுக்குச் சென்றது. அமெரிக்கக் கம்பனிகள் பெருநிலக்காரரை நோக்கி மேலும் பெரிய இயந்திரங்களை ஆக்கிக்கொண்டிருந்த காலம் அது. நெல்வயற் சேற்றுக்கென ஆக்கப்பட்ட சிறிய டீசல் எஞ்சினும் நான்கு சில்லுகளையும் இயக்கும் அமைப்பும், அமெரிக்க நாட்டுப்புறப் புற்றரைகளுக்கும் பொருத்தமாயின. 1970களின் பிற்பகுதியில் யோன் டியர் கம்பனியே தன் சிறிய இயந்திரங்களை யன்மாரிடம் ஆக்குவித்து விற்றது.

ஈழநாட்டிலும் சிறுமையின் பயன் உணரப்பட்டது. பிரித்தானியாவிலிருந்து வந்த ‘லான்ட்மாஸ்டர்’ என்னும் இருசில்லு இயந்திரத்தின் பெயர், பின்னர் வந்த யப்பானிய இயந்திரங்களுக்கும் பொதுப் பெயராகவே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. பெட்டி பூட்டினால் வண்டியாகவும், கலப்பை பூட்டினால் ஏராகவும், பட்டி மாட்டினால் நீரிறைக்கும் பொறியாகவும் ஒன்றே பலவாதல் அதன் சிறப்பு. அல்போன் 1902இல் கண்ட கனவு, கமத்தின் ஒழுங்கையிலே நனவாயிற்று எனலாம்.

கவிழ்தலும் காப்பும்

பின்புறம் புரளுதலைப் பேர்குசனின் இணைப்பு பெரிதும் தடுத்ததாயினும், சரிவிலே பக்கவாட்டில் கவிழ்தலை அது தடுக்கமாட்டாது. அகலம் குறைந்து புவியீர்ப்பு மையம் உயர்ந்த சிறிய இயந்திரமே எளிதிற் கவிழ்வது. சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலே புதிய உழவு இயந்திரங்கள் யாவும் காப்புச் சட்டகம் பூண்டிருத்தல் வேண்டும் எனச் சட்டம் வகுத்தது. அந்நாட்டிலே ஓரிலட்சம் இயந்திரங்களுக்கு 1957இல் 12 ஆக இருந்த கவிழ்ந்து இறந்தோர் தொகை 1990இல் 0.2 ஆகக் குறைந்தது. அமெரிக்கக் கம்பனிகள் 1985ஆம் ஆண்டிலேதான் 20 பரிவலுவுக்கு மேற்பட்ட புதிய இயந்திரங்களில் இதனைப் பொதுவாகப் பொருத்தத் தொடங்கின. அதற்கு முற்பட்ட பழைய இயந்திரத்தை மலிவாக வாங்குவோன், போர்ட்சன் காலத்து உழவன் செலுத்திய விலையைத் தானும் செலுத்த நேரலாம். சட்டகத்தோடு இருக்கைப் பட்டியையும் பூட்டுதல் வேண்டும். பட்டியின்றேல் தூக்கி வீசப்பட்டவன் அச்சட்டகத்தின் கீழேயே அகப்படக்கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றை ஆராயுமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, பரிவலு ஒன்றே தகுதியன்று. பாரம் எங்கே ஏறுகின்றது, கருவி எவ்வாறு பிணைக்கப்படுகின்றது என்பனவே வேலையையும் உயிரையும் தீர்மானிக்கின்றன. இரண்டாவது, ஆண்டில் மிகுதியாகச் செய்யப்படும் வேலைக்கே இயந்திரத்தைத் தெரிதல் வேண்டும். மூன்று நாள் உழவுக்கென வாங்கிய பெரிய இயந்திரம் முப்பது நாட் புல்வெட்டிலே புற்றரையைக் கெடுத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, பொது அளவுக்கு அமைந்த இணைப்பும் தண்டும் உடைய இயந்திரம் முதுமையிலும் பயன்படும். அவையற்றது உதிரிப்பாகம் தேடியே ஓயும். நான்காவது, காப்புச் சட்டகம் அணியன்று, அது உறுப்பு.

பேர்குசன் பண்ணை பண்ணையாகச் சென்று முதலில் நோக்கியது இயந்திரத்தையன்று. அதன் பின்னால் மண் என்ன செய்கின்றது என்பதையே. தன் நிலத்தின் சரிவையும் ஈரத்தையும் வாயிலின் அகலத்தையும் முதலில் அளந்து, பின்னர் விலைப்பட்டியலைத் திறப்பவனே அவரது வழியிற் செல்பவன். இயந்திரத்துக்கு ஏற்ப நிலத்தை மாற்ற முயன்ற காலம் பல உயிர்களைக் கொண்டது. நிலத்துக்கு ஏற்ப இயந்திரத்தை மாற்றிய காலமே சிறு உழவனை வாழ்வித்தது.